தேவாரத்தில் நான் தொடங்கிவைத்த வரிசை

புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, தேவாரம் பெட்ரோல் பங்க்கின் முன்னால் ஏழு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்தேன். எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரிசையைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்ப்பது இலங்கையில் எங்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்ட பழக்கம். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தோம் என்பது தெரிந்தால்தான் நடுவில் நுழைகிறவனோடு சண்டை பிடிக்க முடியும்.

சோப்பு வாங்கத்தான் கடைத்தெருவுக்கு வந்திருந்தேன். சோப்பு மறந்துபோனது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை. உள்ளே போய் ஐந்து லிட்டர் கேன் ஒன்று கேட்டேன். கடைக்காரர் வெள்ளையை எடுத்துக் கொடுத்தார். "மஞ்சள் இருக்கா?" என்றேன். ஏன் மஞ்சள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. கேனைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டி, எட்டாவது ஆளாக வரிசையில் நின்றேன். எனக்கு வண்டி கிடையாது. வண்டி ஓட்டவும் தெரியாது.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். எனக்கு ஒரே மகள், கௌசி. மதுரையில் பொருளாதாரம் மேல்படிப்புப் படிக்கிறாள். வருமானம் நீண்ட நாள் விழுந்து கிடக்கும்போது கூலிக் குடும்பங்கள் எதை முதலில் விடுகின்றன, நிலைமை சரியானபிறகு எதைத் திரும்ப எடுக்கின்றன என்பது அவளுடைய ஆய்வு. அதற்காக இரண்டு மாதமாக தேவாரத்தில் ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளியின் வீட்டில் தங்கியிருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள், காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவாள்.

அந்த ஜீப்பின் உள்ளிருந்து எடுத்த வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். பதினான்கு பெண்கள், முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு பாடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே சாலையே இல்லை, வெறும் மேகம். "பாருங்கம்மா, எவ்வளவு அழகு" என்று கீழே எழுதியிருந்தாள். நான் மேகத்தைத்தான் பார்த்தேன். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டேன். விடுமுறை வந்ததும் கிளம்பிவிட்டேன். அவளிடம், உன்னைப் பார்க்க வருகிறேன் என்றேன். எனக்குள்ளே, அவளைக் கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு வந்த பஸ் உசிலம்பட்டி தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கி, யாரோ அழைத்த விருந்துக்கு வந்தவர்கள்போல மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடத்துநரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"வேற பஸ் வருமா? வராட்டி? ராத்திரி ஆகிருமா?"

"ஆத்தா, டயருதான் பஞ்சரு. பஸ்ஸு நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பஞ்சரானாப்புல இருக்கீக" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் பஸ் கிளம்பியது. எங்கள் ஊரில் ஒரு காலம் டயர் கிடைக்காமலே எத்தனையோ பஸ்கள் டிப்போவில் படுத்துவிட்டன.

தேனி பஸ் நிலையத்துக்குக் கௌசி வந்திருந்தாள். கறுத்திருந்தாள், மெலியவில்லை. பரோட்டாவும் சால்னாவும் வாங்கித் தந்தாள். எங்கள் ரொட்டிக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் பழகிய நாக்கில் சால்னா கொஞ்சம் அதிகப்படியாகப் பேசியது, ஆனாலும் இரண்டு தின்றேன். சாப்பிட்டு முடித்து ஒரு பலசரக்குக் கடைக்குள் போனோம். தட்டு முழுக்கப் பால்மா பாக்கெட்டுகள், எங்கள் ஊரில் வரிசையில் நின்று வாங்கிய பால்பவுடர், அடுக்கியிருந்தன. யாரும் அவற்றைக் கவனிக்கக்கூட இல்லை. நான் நான்கு எடுத்துக் கூடையில் போட்டேன்.

"அம்மா, ராசாத்தி அக்கா வீட்டுல பசு நிக்குது" என்றாள் கௌசி.

"இருக்கட்டும் மகள்."

அவள் கூடையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முழுக்க தேவாரம். மேற்கே மலை ஒரே சுவராக எழுந்து நிற்கிறது. கௌசி தங்கியிருக்கும் வீட்டுக்கார ராசாத்திக்கு என் வயதுதான் இருக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் எங்கள் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கைப் போலவே இவள் வீட்டுக் கொடியிலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது.

"நீங்க பயந்துகிட்டே இருக்கீகன்னு ஒங்க மக சொல்லுச்சு" என்றாள் ராசாத்தி, கருவாட்டுக் குழம்பை என் தட்டில் ஊற்றியபடி. "பயப்படாதீகக்கா. எங்க ஜீப்பு டிரைவர் செல்வம் இருபது வருசமா இந்த மெட்டுல ஏறுறவரு. கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவாரு."

"கண்ணைத் திறந்து ஓட்டச் சொல்லுங்க" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தோட்டத்து வேலை இல்லை. கௌசி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ராசாத்தியிடம் கேள்வி கேட்டாள். ஏலக்காய் விலை விழுந்து கிடந்தது, அதற்கு மேல் தொற்று வந்து எல்லைச் சோதனைச்சாவடியை மூடியது, மலைக்குப் போக வழியில்லாமல் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தது, எல்லாவற்றையும் ராசாத்தி ஒரு பழைய கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மொத எத நிறுத்துனீங்கக்கா?"

"மொத மீனு. அப்புறம் பூ. அப்புறம் எம் பிரஷர் மாத்திர."

"திரும்ப வேலைக்குப் போனதும் மொத எத ஆரம்பிச்சீங்க?"

"மீனத்தான்."

"மாத்திரைய?"

ராசாத்தி மாதங்களை விரலில் எண்ணிப் பார்த்தாள். அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லைபோல. "அட, அத ஆரம்பிக்கவே இல்லயே" என்றாள், வியப்போடு.

மாலையில் ஜீப் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் கணேசன் டீக்கடைப் பெஞ்சில் நானும் கௌசியும் உட்கார்ந்தோம். தேயிலைக்கு நடுவில் பிறந்தவள் என்று தெரிந்ததிலிருந்து கணேசன் என்னை ஒரு பரீட்சை அதிகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யக்கா, நம்ம டீ எப்பிடி? உண்மையச் சொல்லுங்க."

"நிறம் இருக்கு."

"அப்ப ருசி இல்லைங்கிறீக" என்று அவரே முடித்துக்கொண்டார். "சீனி போடவா?"

வேண்டாம் என்றேன். கௌசி என்னைப் பார்த்தாள். சீனி விலை ஏறிய வருடத்தில் நிறுத்தியது. விலை இறங்கி எவ்வளவோ நாளாகிறது. காலையில் ராசாத்தியின் முகத்தில் பார்த்த வியப்பு இப்போது என் முகத்திலும் இருந்திருக்கும்.

"இதத்தான்மா எங்க பாடத்துல ரொம்ப லேட்டாப் புரிஞ்சுகிட்டாங்க" என்றாள் கௌசி. "நெருக்கடி முடிஞ்சுதுன்னு அரசாங்கம் அறிவிச்ச பிறகும் வீட்டுக்குள்ள முடியறதில்ல. ஒரு தடவை அடி வாங்கினவங்க கை வாழ்நாள் முழுக்க இறுகியே இருக்கும். உதாரணம் தேடி நான் மலைக்குப் போகவே தேவையில்ல. தேனியில நாலு பால்மா வாங்கின ஆள் பக்கத்திலயே இருக்காங்க."

"கிண்டல் வேணாம்."

"கிண்டல் இல்ல. இன்னொண்ணும் சொல்றேன் கேளுங்க. முன்னால எல்லாம் கையிருப்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவுன்னுதான் பார்த்தாங்க. ஆனா எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா எந்தக் கையிருப்பும் பத்தாது. ஒருத்தர் ஓடுறதைப் பார்த்து அடுத்தவர் ஓடுவார். அவர் முட்டாள் இல்ல. மத்தவங்க ஓடும்போது ஓடாம நிக்கிறவர்தான் வெறுங்கையோட வீட்டுக்குப் போவார்."

"அப்ப ஓடத்தானே வேணும்?"

"அதுதான் சிக்கலே. ஓடாதீங்கன்னு சொன்னா இன்னும் வேகமா ஓடுவாங்க. ஞாபகம் இருக்கா? பயப்பட ஒண்ணுமில்லன்னு டீவியில வந்து சொன்ன அன்னைக்குத்தானே நம்ம ஊர் செட்ல கூட்டம் ரோட்டுக்கு வந்துச்சு."

எங்கள் ஊரில் பங்க்கை செட் என்போம். ஞாபகம் இருந்தது. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இருப்பதில்லை.

கௌசியின் அப்பா பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஓட்டினார். டீசலுக்கு வரிசையில் நின்றார். அது இரண்டாம் நாள். நண்பகலில் இறங்கி, முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வெயிலுக்குத் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். வரிசை நகர்ந்தபோது அவருடைய இடம் போய்விடக்கூடாது என்று பின்னால் நின்ற நாலு பேர், நல்ல மனிதர்கள், அவரைக் கைத்தாங்கலாக ஓரத்தில் சாய்த்துவிட்டு வானைத் தள்ளிக் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகுதான் யாரோ அவர் கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். வான் வரிசையில் தன் இடத்தை விடவில்லை, அவர்தான் போய்விட்டார். ஓடாமல் தள்ளிவரும் எந்த வண்டியையும் அன்றிலிருந்து என்னால் பார்க்க முடிவதில்லை.

புதன்கிழமை விடிந்ததும் மலையில் மழை கட்டியிருந்தது. கௌசி ஜீப்பில் ஏறத் தயாராக நின்றாள். நான் கையைப் பிடித்தேன். இன்றைக்குப் போக வேண்டாம், உண்மையில் உன்னைக் கூட்டிப்போகத்தான் வந்தேன், ஆய்வை மதுரை நூலகத்தில் இருந்து எழுது என்றேன். ஜீப் முழுக்கப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா வரிசையில நின்னாருங்கிறதுக்காக நான் வாழ்நாள் முழுக்க உக்காந்தே இருக்கணுமாம்மா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஏறிக்கொண்டாள். ஜீப் போனது. வழக்கமாக நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடும் என்று செல்வம் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனநிலையோடுதான் பதினொன்று இருபதுக்கு நான் பங்க்குக்கு எதிரே வந்து நின்றது.

எனக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒருவர் நின்றார். "எத்தனை லீட்டர் குடுக்கிறாங்க?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் வரிசையில் யாரும் முதலில் கேட்கும் கேள்வி அது.

"எத்தனை லிட்டருன்னா? கேக்குற அளவு குடுப்பாக."

"இன்னைக்குக் குடுப்பாங்க."

அவர் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார். கேனையும் பார்த்தார். "ஏன், நாளைக்கு என்ன?"

"எங்க ஊர்லயும் இப்படித்தான் ஏழு பைக்ல தொடங்கிச்சு."

"எந்த ஊரு?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. இலங்கையில் நடந்ததை இந்தப் பக்கத்திலும் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். அவர் முறை வந்தபோது, கையில் எடுத்து வைத்திருந்த நூறு ரூபாயைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, "டேங்க் ஃபுல்லு" என்றார். பெட்ரோல் போட்ட பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் எதற்கும் இருக்கட்டும், தனக்கும் ஃபுல் என்று அப்போதே சொல்லிவைத்தார். அவருக்கும் பின்னால் வந்து சேர்ந்தவர் தம்பிக்கு போன் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

"கேன்ல ஊத்துறதில்லத்தா" என்றாள் அந்தப் பெண் என்னிடம்.

"ஏன், சட்டம் வந்துட்டுதா?"

"எப்பவுமே சட்டந்தான். நீங்க தள்ளுங்க." பிறகு, நான் கேட்காமலே, "அந்தப் பம்பு ரிப்பேரு. அதான் இங்கன கூட்டம்" என்றாள்.

அதை நான் கேட்டேன். கேட்டும் மண்டைக்குள் போகவில்லை. காலி மஞ்சள் கேனோடு டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டரைக்கு வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டது. ஆட்டோக்கள் வந்தன, பிறகு டிராக்டர்கள். பெட்ரோல் என்று ஆரம்பித்தது டீசலுக்கும் பரவியது. ஒன்றே முக்காலுக்கு 'ஸ்டாக் இல்லை' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அதில் ஒரு திருப்திகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இரண்டு மணிவாக்கில் மலையிலிருந்து இறங்கிய கேரளத்து வியாபாரி ஒருவர் டீக்குடித்துக்கொண்டே போனில் மலையாளத்தில் பேசினார். ஜீப் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. எழுந்துவிட்டேன்.

"என்ன சொல்றார்?"

கணேசன் காதைத் தீட்டிக் கேட்டார். "மெட்டுல ஒரு எடத்துல மண்ணு சரிஞ்சிருக்காம். ஒரு ஜீப்பு நிக்கிதாம். வேற ஒண்ணுமில்லக்கா, ஒக்காருங்க."

அவர் தன் போனில் செல்வத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. கௌசியின் போனும் அதையே சொன்னது. ராசாத்தி மழைக்குப் பயந்து போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவள். கணேசன் செல்வத்தின் எண்ணை எனக்கு எழுதிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு டீக்குடிக்க வந்த ஒருவர், மெட்டில் ஒரு ஜீப் சரிந்து நிற்கிறதாம் என்றார். மூன்றேகாலுக்கு வந்தவர் கவிழ்ந்துவிட்டது என்றார். அடுத்து வந்தவருக்கு உள்ளே எத்தனை பெண்கள் என்பதுகூடத் தெரிந்திருந்தது. நிற்கிறது என்ற சொல் என் கண்முன்னாலேயே படிப்படியாக மலையிலிருந்து உருண்டு விழுந்தது. எந்த ஜீப், யார் சொன்னது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோருக்கும் வேறு யாரோ சொல்லியிருந்தார்கள்.

கடைசியாக வந்தவர் உட்கார்ந்தபடி இன்னொன்றும் சொன்னார். "எண்ணெயே வரப்போறது இல்லையாம்ல. சிலோன்லருந்து ஒரு பெரிய ஆபீசரம்மா நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாகளாம்."

கணேசன் என்னைப் பார்த்தார். பெஞ்சுக்குக் கீழே இருந்த கேனைப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பம்பு ரிப்பேர் என்ற சொல் நாலு மணிநேரம் தாமதமாக என் மண்டைக்குள் வந்து சேர்ந்தது.

எழுந்து பங்க்குக்கு ஓடினேன். அட்டை தொங்கியும் கூட்டம் கலையவில்லை. லாரி வரும் என்று காத்திருந்தார்கள். "தட்டுப்பாடு ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஒரு பம்பு பழுது, அவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று உரக்கச் சொன்னேன். வகுப்பறைக் குரல்.

ஒரு பெரிய மீசைக்காரர் வண்டியைவிட்டு இறங்கி என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "யம்மா, காலையில ஒண்ணு சொன்னீக, இப்ப மாத்திப் பேசுறீக. யாரும் ஒங்கள மெரட்டுனாகளா?"

"இல்லை, இல்லை!"

"சரி, சரி. புரியுது" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய், "ஏலே, வண்டிய எடு. கோம்பை பங்க்குக்குப் போவோம்" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டார். இருபது வண்டிகள் ஒரே நேரத்தில் உறுமிக் கிளம்பின. கௌசி நேற்றுச் சொன்னது அத்தனையும் என் கண்ணெதிரே புகையோடு கடந்துபோனது.

நாலு மணி. ஜீப் வரவில்லை. நாலேகால். "யக்கா, கடைய ஒரு அரைமணிநேரம் பாத்துக்கிறீகளா?" என்றார் கணேசன், பைக் சாவியைத் தேடியபடி. "கோம்பையில இருக்காம்னு சொல்றாக."

"கணேசன், அது நான் கிளப்பிவிட்ட கதை!"

"தெரியுங்க்கா. ஆனா இப்ப மெய்யாலுமே தீந்துபோச்சுல்ல?" என்றார். போய்விட்டார்.

இப்படித்தான் வந்து நான்காம் நாளில், அந்நிய ஊரில், ஒரு டீக்கடைக்குப் பொறுப்பாளியாக நின்றேன். பால் பொங்கியது. வந்தவர்களுக்கு டீ போட்டேன். இரண்டு கண்ணாடிக் குவளைகளை உடைத்தேன். கௌசியின் போன் அணைந்தே கிடந்தது. இடையிடையே செல்வத்தின் எண்ணை அழுத்தினேன். முதலில் எல்லைக்கு வெளியே என்றது. ஐந்து மணிக்கு மணி அடித்தது! இரண்டு முறை அடித்து, வெட்டுப்பட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி வெட்டுப்பட்டது. அழைப்பை வெட்டுகிறவன் உயிரோடு இருக்கிறான் என்றது என்னுடைய கணித மூளை. உயிரோடு இருக்கிறவன் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறான், என்ன செய்தியைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்றது இன்னொன்று. பதினான்கு முறை அழுத்தினேன். டீக்குடிக்க வந்தவர்கள் யாருடைய போனிலாவது கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

காலையில் பிடித்த கையை ஏன் விட்டேன் என்று நினைத்தேன். பிறகு, பிடித்ததே தப்போ, அந்தக் கோபத்தில் மழையைப் பார்க்காமல் ஏறிப் போனாளோ என்று நினைத்தேன். எனக்கென்று ஒரு டீ போட்டேன். சீனி இரண்டு கரண்டி போட்டேன். குடிக்க முடியவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு, தூறலுக்குள், போடிச் சாலையின் வளைவில் ஒரு ஜீப் தெரிந்தது. விளக்கு எரியவில்லை. எஞ்சின் சத்தம் இல்லை. நடந்துவருகிற வேகத்தில் வந்தது. தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

டீ மேடையைப் பிடித்துக்கொண்டேன். தள்ளிவரும் வண்டியின் பக்கத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓட்டுநர் இருக்கையில் செல்வம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவரைத் தவிர உள்ளே ஒருவரும் இல்லை. ஜீப் காலியாக இருந்தது.

பிறகு அது பக்கவாட்டில் திரும்பி நிறுத்தத்துக்குள் நுழைந்தபோது பின்புறம் தெரிந்தது. பதினான்கு பெண்கள், சேறு படிந்த கைகளோடு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்க ஓரத்தில், பிளாஸ்டிக் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, பதினைந்தாவதாகக் கௌசி.

"தேர் இழுத்தாப்புல இழுத்துட்டு வாரோம்க்கா, ஒரு டீ போடுங்க!" என்று கத்தினாள் ராசாத்தி, நான் டீக்கடையில் நிற்பதில் அவளுக்கு எந்த ஆச்சரியமும் இல்லாததுபோல.

செல்வம் குதித்து இறங்கினார். "மண்ணு சரிஞ்சு மெட்டுல ஒரு மணிநேரம் நின்னோம். நம்ம ஜீப்புதான் மொத நின்னது. அது பரவாயில்ல. போடிக்கு வந்தா எங்க பாத்தாலும் க்யூ. ஒன்றரை மணிநேரம் நின்னு, நம்ம முறை வாரப்ப பங்க்குல டீசல் தீந்துபோச்சு. மிச்ச எண்ணெயில ஊரு எல்லைவரைக்கும்தான் வண்டி வந்துச்சு. இதுல வெளிநாட்டு நம்பர்லருந்து ஒருத்தன் விடாம கூப்பிடுறான். எடுத்தா பேங்குல இருக்கிறத உருவிருவாய்ங்கன்னு கட் பண்ணிக் கட் பண்ணி எம் பெருவெரலே நோகுது."

அந்த ஒருத்தன், இலங்கை சிம்மோடு நின்ற நான்தான். கௌசி என்னை நோக்கி வந்தாள். அவளைத் தொட்டேன். கை சூடாக இருந்தது. முகம், தோள், மறுபடி கை. பிள்ளை பிறந்த அன்று விரல்களை எண்ணிப் பார்த்ததுபோல. அவள் தொடவிட்டாள். அவள் கண் பெஞ்சுக்குக் கீழே போனது. மஞ்சள் கேன் அங்கேயே இருந்தது. அவள் அப்பா கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனதும் அதே நிறம், அதே அளவு.

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குலுக்கினாள். காலி.

"போடி க்யூவுல எல்லாரும் சொன்னாங்கம்மா, தேவாரத்துல யாரோ ஒரு சிலோன்காரம்மா கேனோட வந்து நின்னாங்களாம், அவங்களப் பார்த்துத்தான் ஊரே ஓடுதாம்னு" என்றாள் கௌசி. "காலையில உங்கள அப்படிப் பேசிட்டுப் போனேனே, என் போனும் மழையில நனைஞ்சு செத்துப்போச்சு, என்ன ஆனீங்களோன்னு வழியெல்லாம் எனக்கு உயிரே இல்ல. கேன் என்ன நிறம்னு மட்டும் கேட்டேன். மஞ்சள்னாங்க. சரி, அது அம்மாதான், நல்லாத்தான் இருக்காங்கன்னு அப்பத்தான் மூச்சு வந்துச்சு."